பதில் சொல்லாத டாக்டர்

ஓய்வு பெற்ற பிறகும் நம் ஆய்வகத்திலிருந்து வெளிவரும் கட்டுரைகளை உங்களில் யாராவது எனக்கு அனுப்பிவிடுகிறீர்கள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் படிக்கிறேன். சூத்திரங்கள் நிறைந்த பக்கங்களைக் கொஞ்சம் வேகமாகத் தாண்டுவேன் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் 'பதில் தராத சேவை' என்ற சொற்களைக் கண்டால் நின்றுவிடுவேன். அந்தச் சேவையை நீங்கள் என்ன செய்தீர்கள் என்று பார்க்காமல் அடுத்த பக்கத்துக்குப் போக மனம் வராது.

புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருவர் போன வாரம் கேட்டேவிட்டார். எந்தக் கட்டுரையை அனுப்பினாலும் மேடம் இந்த ஒரு கேள்வியைத்தான் திருப்பி அனுப்புகிறாராமே, ஏன் என்று. போனில் சொல்லி முடியவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன்.

நாம் செய்யும் வேலையை என் வீட்டுக்காரருக்கு ஒருமுறை இப்படி விளக்கினேன். ஓர் அலுவலகத்தில் ஒரு காரியம் எந்தெந்தக் கையைத் தாண்டி முடிகிறது என்று படம் வரைகிறோம். பிறகு ஒவ்வொரு கையின் இடத்திலும் இணையத்தில் எங்கோ இருக்கும், 'சேவை' என்று நாம் சொல்லும் ஒரு நிரலை வைக்கிறோம். எல்லாம் கிளவுடில் வாடகைக்கு எடுத்த கணினிகளில் ஓடும். ஒரு நிரல் இன்னொன்றைக் கூப்பிடும், அது பதில் சொல்லும், வேலை நகரும். அவர் உடனே, "கூப்பிட்டது பேசலைன்னா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் நம் துறையில் பாதிப் பேர் சம்பளம் வாங்குகிறோம். கொஞ்சம் காத்திருக்கலாம். வேறொன்றைக் கூப்பிடலாம். பேசாதது எது என்று ஞாபகம் வைத்துக்கொண்டு அடுத்த முறை அதன் பக்கம் குறைவாகப் போகலாம். இந்தக் கடைசி வழியில் ஆராய்ச்சி செய்ய வந்தவள்தான் சபீனா.

சபீனாவை உங்களில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். கோட்டைமேட்டுப் பெண். அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பா மிக்சி, கிரைண்டர் உதிரி பாகங்கள் விற்கும் கடை வைத்திருந்தார். பீளமேட்டுக்கு இரண்டு பஸ் மாறி வருவாள். வரும்போது ஒரு பெரிய பிளாஸ்க் நிறைய இஞ்சி டீ கொண்டுவருவாள். அதில் அவளுக்கு ஒரு டம்ளர் மிஞ்சினால் அதிசயம். நிரலில் பிழை வந்தால் மற்றவர்கள் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். இவள் சிரிப்பாள். "வாடா, வந்துட்டியா" என்று திரையைப் பார்த்துச் சொல்வாள். நான் வழிகாட்டிய மாணவர்களில், வேலை முடிந்து கிளம்பும்போது நாற்காலியைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டுப் போன ஒரே ஆள் அவள்தான். இதற்கும் ஆராய்ச்சிக்கும் சம்பந்தமில்லை. எனக்குப் பிடித்ததால் சொல்கிறேன்.

அவள் ஆய்வு பாதி நடந்திருந்தபோது, வெள்ளகோவில் பக்கத்திலிருந்து ஒரு பால் உற்பத்தியாளர் சங்கத்தின் செயலாளர் எங்கள் கல்லூரிக்கு வந்தார். நெடுநெடுவென்று உயரம், வெள்ளைச் சட்டை, அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். சங்கம் மூன்று கால்நடை டாக்டர்களை ஒப்பந்தத்தில் வைத்திருந்தது. டாக்டரைத் தெரிந்தவர்கள் நேராகப் போன் செய்து முதலில் கூட்டிப்போய்விடுகிறார்கள், தள்ளி இருக்கும் தோட்டத்தில் ஒற்றை மாடு வைத்திருப்பவர்கள் காத்துக் கிடக்கிறார்கள், இதனால் சங்கத்துக்குள் ஓயாத சண்டை என்றார்.

"மனுசன் முடிவு பண்ணுனா ஒருத்தரு சிபாரிசு, ஒருத்தரு கோபம்னு வந்துருதுங்க. ஒரு மிஷின் முடிவு பண்ணுனா யாரும் யாரையும் குத்தம் சொல்ல முடியாதுங்களே மேடம்."

எங்களுக்கு அது தேடி வந்த பாக்கியம். அதுவரை சபீனா தன் முறையைக் கற்பனைத் தரவுகளில்தான் சோதித்துக்கொண்டிருந்தாள். நிதி தரும் அமைப்பு ஒன்றும் சம்மதித்தது. சில மாதங்களில் ஏற்பாடு ஓடத் தொடங்கியது. மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் உறுப்பினர் ஓர் எண்ணுக்குச் சொல்ல வேண்டும். கிளவுடில் இருக்கும் நிரல் எந்த டாக்டர் என்று தேர்ந்தெடுக்கும். அவர் போனில் சைக்கிள் மணி போல ஓர் ஓசை கேட்கும், திரையில் பெரிய பச்சைப் பொத்தான் வரும். அதில் 'ஏற்கிறேன்' என்று எழுதலாம் என்றேன் நான். அந்தப் பக்கத்தில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு சபீனா 'வாரேன்' என்று எழுதினாள். குறிப்பிட்ட நேரத்துக்குள் அதை அழுத்தாவிட்டால் அழைப்பு அடுத்த டாக்டருக்குப் போய்விடும். அழுத்தாதவர் பேரில் ஒரு தவறு பதிவாகும். தவறுகள் கூடக் கூட அவருக்குப் போகும் அழைப்புகள் குறையும்.

நன்றாகவே ஓடியது. டாக்டர் வாசலையே மிதிக்காத வீடுகளுக்கு டாக்டர் போனார். செயலாளர் மாதா மாதம் நாங்கள் அனுப்பும் படத்தைச் சங்கத்துச் சுவரில் ஒட்டினார். மூன்று டாக்டர்களுக்கு, அவரவருக்குப் போன அழைப்புகளின் அளவில் மூன்று வண்ணப் பட்டைகள். அதில் ஒரு பட்டை மட்டும் மாதத்துக்கு மாதம் குட்டையாகிக்கொண்டே வந்தது. அது டாக்டர் நடராசனுடையது.

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மூன்று பேரில் ஒருவர் வேலையில் சுணக்கமாக இருப்பது உலகத்தில் நடக்காததா? போதாக்குறைக்கு அந்தக் குட்டைப் பட்டை எங்களுக்கு இனிப்பாகவும் இருந்தது. பலவீனமான சேவையை இந்த முறை தானாகக் கண்டுபிடித்து ஒதுக்கிவிடுகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. அதை வைத்து சபீனா எழுதிய கட்டுரை வெளிநாட்டு மாநாடு ஒன்றில் ஏற்கப்பட்டது. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமும் அதுதான். உதவித்தொகைக் காலம் முடியப்போகிற நேரம். சரியான சமயத்தில் எல்லாம் கூடி வந்திருக்கிறது என்று இருவரும் நினைத்தோம்.

நிதி அமைப்பின் மதிப்பீட்டுக் குழு வருவதற்கு ஒரு வாரம் இருந்தபோது, சில புகைப்படங்கள் எடுக்கலாம் என்று நானும் அவளும் கல்லூரிக் காரில் வெள்ளகோவிலுக்குப் போனோம். செயலாளர் ஒரு வீட்டைச் சொல்லியிருந்தார். சரசாள் என்ற அம்மாவின் தோட்டம். ஒரே மாடு. எங்கள் ஏற்பாடு வந்த பிறகுதான் அங்கே டாக்டர் ஒழுங்காகப் போகிறார் என்பதால் படம் எடுக்கப் பொருத்தமான வீடு என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முற்பகல். சரசாள் எங்களைப் பார்த்ததும் முகம் மாறி நின்றார்.

"ஏனுங்க, போட்டோ புடிக்கவா வந்தீங்க? கொஞ்சம் பொறுங்க. மாடு பொழைக்குமான்னே தெரியல."

விடிந்ததிலிருந்து மாடு கன்று போட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஏற்பாடு ஒரு டாக்டரை உடனே அனுப்பியிருக்கிறது. அவர் வந்து பார்த்திருக்கிறார். உள்ளே கன்றின் தலை பின்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. அவர் பெரியவர், தோள்பட்டையில் நோவு உள்ளவர். என்னால் இதைச் செய்ய முடியாது, வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று உண்மையைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். படுத்துவிட்ட மாட்டை எப்படி வண்டியில் ஏற்றுவது? சரசாள் எப்போதோ வாங்கி வைத்திருந்த டாக்டர் நடராசனின் சொந்த எண்ணுக்குப் போன் செய்துவிட்டார். அவர் வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

மாடு கட்டும் கட்டுத்தரைக்குள் எட்டிப் பார்த்தோம். சட்டையைக் கழற்றிவிட்டு, ஈரத் தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தார் டாக்டர். வலது கை தோள் வரைக்கும் மாட்டுக்குள் இருந்தது. கண்கள் மூடியிருந்தன. அதுவரை நான் அவரை நேரில் பார்த்ததில்லை. குட்டைப் பட்டையாகத்தான் தெரியும்.

யாரோ வந்திருப்பது தெரிந்து, திரும்பாமலே பேசினார். தொட்டி விளிம்பில் வைத்த தன் போன் தண்ணீரில் விழுந்துவிடும், எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். சபீனா எடுத்துக்கொண்டாள். அடுத்து, மாட்டின் வாலை ஒதுக்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்றார். சரசாள் தலைமாட்டில் இருந்தார். எங்கள் டிரைவர் வெந்நீர் எடுக்கப் போயிருந்தார். ஆக, பேராசிரியையான நான் சேலையைச் செருகிக்கொண்டு வாலைப் பிடித்தேன். என் பணிக்காலத்தில் நான் செய்த களப்பணிகளிலேயே மிகத் தெளிவான களப்பணி அதுதான்.

அப்போது சைக்கிள் மணி ஓசை கேட்டது. சபீனாவின் கையிலிருந்த டாக்டரின் போன். அவளே தேர்ந்தெடுத்த ஓசை. அவளே வரைந்த பச்சைப் பொத்தான், அதில் அவளே எழுதிய 'வாரேன்'. அதற்குக் கீழே நேரம் குறைவதைக் காட்டும் கோடு, அதுவும் அவள் வைத்ததுதான். வேறெங்கோ ஒரு மாட்டுக்கு டாக்டர் தேவை.

"டாக்டருங்க, ஒரு கேஸ் வருதுங்க" என்றாள்.

"இப்ப முடியாதுங்க அம்மணி. வேற யாராச்சும் போகட்டும்."

எவ்வளவு நியாயமான பதில். ஆனால் அந்தப் பதிலைச் சொல்ல அந்தத் திரையில் இடமில்லை. 'வாரேன்' என்று அழுத்தினால் ஒரு வீடு வீணாகக் காத்துக் கிடக்கும். அழுத்தாவிட்டால் மௌனம். மௌனம் என்றால் அவள் கணக்கில் என்ன பொருள் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்த ஆள் அவள்தான். அவள் என்னைப் பார்த்தாள். நான் வாலைப் பிடித்தபடி அவளைப் பார்த்தேன். கோடு சுருங்கி முடிந்தது. மணி நின்றது.

அந்த அழைப்பு அடுத்த டாக்டருக்குப் போனது, அவர் உடனே கிளம்பினார் என்று பிறகு தெரிந்துகொண்டோம். அதாவது எங்கள் நிரல் அந்த வீட்டுக்குச் செய்ய வேண்டியதைச் சரியாகவே செய்தது. யாருக்கும் எந்தக் குறையும் இல்லை. தரையில் கிடந்த மனிதர் பேரில் இன்னொரு தவறு ஏறியது, அவ்வளவுதான்.

டாக்டர் கன்றைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, தாடையைத் தேடிப் பிடித்து, தலையை நேராக்கினார். முன்னங்கால்களில் கயிறு கட்டி, மாடு முக்கும்போது மட்டும் இழுக்கச் சொன்னார். டிரைவரும் சரசாளும் இழுத்தார்கள். கன்று வந்து வைக்கோலில் விழுந்தது. அசையவில்லை. அவர் ஒரு வைக்கோல் துரும்பை எடுத்து அதன் மூக்கில் விட்டார். கன்று தும்மியது. கெடேரி, பெண் கன்று. சரசாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் போய் நின்றுகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து எல்லோருக்கும் மோர் வந்தது. டாக்டர் நின்றபடியே ஒரு மடக்குக் குடித்துவிட்டு, பைக்கில் வேறெங்கோ கிளம்பிப் போய்விட்டார். நாங்கள் புகைப்படம் எடுக்கவில்லை. நினைவே வரவில்லை.

திரும்பும் வழியில் காங்கேயம் தாண்டியதும் சபீனா மடிக்கணினியைத் திறந்தாள். டாக்டர்கள் ஒவ்வொரு சிகிச்சையும் முடிந்த பிறகு, தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் பதிவு செய்வது வழக்கம். அது எங்களிடம் இருந்தது. யார் எந்த அழைப்பைத் தவறவிட்டார் என்பதும் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றியதில்லை. பல்லடம் வருவதற்குள் அவள் வைத்துப் பார்த்துவிட்டாள்.

"மேடம், அவரு பதில் சொல்லாத நேரமெல்லாம் அவரு இன்னொரு மாட்டுகிட்ட இருந்த நேரமுங்க. கஷ்டமான கேஸ எடுத்தா நேரமாகும். நேரமானா அடுத்த அழைப்பு தவறும். யாரு அதிகமா வேலை செஞ்சாங்களோ அவங்களுக்குத்தான் நம்ம புரோகிராம் தண்டனை குடுத்திருக்கு."

இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை நான் செயலாளருக்குப் போன் செய்வதற்குள் அவரே செய்தார். மதிப்பீட்டுக் குழு வரும் நாளுக்கு அந்த வண்ணப் பட்டைப் படத்தைப் பெரிதாக அச்சடித்துத் தர முடியுமா என்று கேட்டார். குழு வரும் அதே நாள் பிற்பகலே சங்க நிர்வாகக் குழுவும் கூடுகிறதாம். டாக்டர் நடராசனின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று முடிவாகிவிட்டதாம். படத்தைக் காட்டித் தீர்மானம் போட வேண்டியதுதான் பாக்கி.

அந்தப் படத்தில் ஒரு பிழை இருக்கிறது என்றேன். அவர் மரியாதையாகச் சிரித்தார்.

"அவருக்காக நாலஞ்சு பேரு சிபாரிசுக்கு வந்துட்டாங்க மேடம். நீங்களுமா? எங்களுக்கும் சங்கடமாத்தான் இருக்குதுங்க. ஆனா நாங்களா சொல்லலீங்களே, மிஷின் சொல்லுது."

சிபாரிசு எடுபடாத ஒன்று வேண்டும் என்றுதான் அவர் எங்களிடம் வந்தார். அந்த நம்பிக்கையைக் கொடுத்தது நாங்கள்தான். இப்போது வெறும் வாய்ச் சொல்லால் அதைக் கலைக்க முடியாது என்று புரிந்தது. ஆதாரத்தோடு, எல்லோர் முன்பும் சொன்னால்தான் உண்டு.

துறைத் தலைவரிடம் போனேன். அவர் கெட்ட மனிதர் அல்லர், என்னைவிட அனுபவம் உள்ளவர். மதிப்பீடு நல்லபடியாக முடியட்டும், நிதி நீட்டிப்பு கிடைக்கட்டும், பிறகு சங்கத்துக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதலாம் என்றார். இன்னும் இரண்டு ஆய்வாளர்களின் உதவித்தொகையும் அந்த நீட்டிப்பில்தான் இருந்தது. அதை அவர் நினைவுபடுத்தியதிலும் தவறில்லை.

கேன்டீனில் ஓர் ஓரமாக உட்கார்ந்து யோசித்தேன். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். அப்போது நீங்கள் பார்க்க வேண்டியது எது சரி, எது தவறு என்பதை அல்ல. அது பெரும்பாலும் தெரிந்துதான் இருக்கும். எது எதற்கு முன்னால் நடக்கப்போகிறது என்று பாருங்கள். எங்கள் கடிதம் போய்ச் சேரும்போது தீர்மானம் போட்டிருப்பார்கள், புது டாக்டருக்குக் கையெழுத்தாகியிருக்கும். அதன் பிறகு நாங்கள் சொல்லும் உண்மை யாருக்கும் பயன்படாது. அது கடிதம் எழுதிய எங்கள் மனதுக்கு மட்டும்தான் நல்லது. முதலிலேயே சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு எழுந்தேன்.

நானே பேசுகிறேன், நீ பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்று சபீனாவிடம் சொன்னேன். வேலை தேட வேண்டிய பெண். மதிப்பீட்டுக் குழுவினர் நம் துறையில் பெரிய மனிதர்கள். அவர்கள் மனதில் இவள் பெயர் ஒரு தவறோடு பதிய வேண்டாம் என்பது என் எண்ணம். அவள் பிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"கணக்குப் போட்டது நானுங்க மேடம். நீங்க சொன்னா தன் ஸ்டூடண்டக் காப்பாத்தறாங்கன்னு நினைப்பாங்க. இல்லன்னா டாக்டரக் காப்பாத்தறாங்கன்னு நினைப்பாங்க. நான் சொன்னாத்தான் கணக்கு தப்புன்னு நம்புவாங்க."

சரி, நீயே பேசு என்றேன்.

கூட்டம் சங்கக் கட்டிடத்தின் மாடியில் நடந்தது. நிதி அமைப்பிலிருந்து இரண்டு பேர், சங்க நிர்வாகிகள், எங்கள் துறைத் தலைவர், நான். டாக்டர்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். நடராசன் கதவோரம் உட்கார்ந்திருந்தார். சபீனா எழுந்து, முதலில் அதே வண்ணப் பட்டைப் படத்தைத் திரையில் போட்டாள். செயலாளர் திருப்தியாகத் தலையசைத்தார்.

"இந்தப் படம் தப்புங்க" என்றாள். "டாக்டர் தப்பு இல்லீங்க. படம் தப்பு."

பிறகு இரண்டாவது படத்தைப் போட்டாள். ஒவ்வொரு டாக்டருக்கும் ஒரு நீளக் கோடு. வேலையில் இருந்த நேரமெல்லாம் அதில் நிழலாகத் தெரிந்தது. தவறிய அழைப்புகள் சிவப்புப் புள்ளிகள். நடராசனின் கோட்டில் ஏறக்குறைய எல்லாச் சிவப்பும் நிழலுக்குள் விழுந்திருந்தது. கலைச்சொல் ஒன்றுகூடச் சொல்லாமல், சரசாள் வீட்டில் தான் பார்த்ததைச் சொன்னாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதையும் சொன்னாள். என் வாலைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. நன்றி.

செயலாளர் கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். இத்தனை மாதமாக எங்களுக்குக் காட்டியது என்ன என்று வருத்தத்தோடுதான் கேட்டார்.

"நான் கேட்ட கேள்விக்கு அது சரியான பதிலுங்க. கேள்விதான் தப்பு. யாரு உடனே பதில் சொல்றாங்கன்னு கேட்டேன். யாரு வேலை செய்யறாங்கன்னு கேக்கவே இல்லீங்க" என்றாள் சபீனா.

மதிப்பீட்டாளர்களில் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அப்படியானால் ஏற்கப்பட்ட கட்டுரை என்ன ஆகும் என்று கேட்டார். இன்று காலையிலேயே திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதி அனுப்பிவிட்டேன் என்றாள். எனக்கே அது செய்தி. துறைத் தலைவர் என் பக்கம் திரும்பினார். நான் தண்ணீர் குடித்தேன்.

கூட்டம் கலைந்து படியிறங்கும்போது டாக்டர் நடராசன் அவளுக்காகக் கீழே காத்து நின்றார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் வேறொன்றைச் சொன்னார். அதை நான் மறக்கவில்லை.

"எனக்குக் கேஸ் கொறஞ்சுட்டே வந்துச்சுங்க அம்மணி. வயசாயிருச்சு, நம்ம கைய சனங்க நம்பறதில்ல போலன்னு நெனச்சுப்போட்டேன். ஊட்ல கூட சொல்லல."

சபீனா துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவரே, வெயிலாக இருக்கிறது, பஸ்ஸா காரா என்று கேட்டுவிட்டுப் பைக்கை எடுத்தார். ஒரு பட்டை குட்டையாவது எங்களுக்கு மாத அறிக்கை. ஒரு மனிதர் அதைத் தன் கையின் மேல் சந்தேகமாகச் சுமந்துகொண்டு அலைந்திருக்கிறார்.

என்ன ஆயிற்று என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் ஒப்பந்தம் தொடர்ந்தது. சரசாள் வீட்டுக்கு முதலில் வந்த பெரியவருக்கு அவரால் முடிகிற ஊசி, காய்ச்சல் கேஸ்களை மட்டும் கொடுப்பது என்று சங்கம் ஏற்பாடு செய்தது, அவரும் நிம்மதியானார். நிதி நீட்டிப்பு எங்களுக்குக் கிடைக்கவில்லை. துறைத் தலைவர் ஒரு பருவம் முழுக்க என்னோடு அளவாகத்தான் பேசினார். பிறகு அந்த இரண்டு ஆய்வாளர்களுக்கும் வேறு திட்டத்தில் இடம் வாங்கிக் கொடுத்தவரும் அவரேதான். வாடகைக்கு எடுத்த கிளவுடை விட்டுவிட்டு, ஆய்வகத்து மூலையில் இருந்த பழைய சர்வரில் எல்லாவற்றையும் மாற்றினோம். அதன் விசிறி போட்ட சத்தத்தில் யாரும் தூங்க முடியாது என்பது ஒரு நன்மை.

சபீனா கடைசி அத்தியாயத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, உதவித்தொகை இல்லாமலே மறுபடி தொடங்கினாள். காலையில் ஒரு கல்லூரியில் பாடம் எடுத்தாள், மதியம் இங்கே வந்தாள். அவளுக்கு இருந்த சிக்கல் இதுதான்: வேலையில் இருக்கும் டாக்டரிடம் 'வேலையில் இருக்கிறீர்களா' என்று கேட்க முடியாது, கை உள்ளே இருக்கும். அப்படியானால் யாரைக் கேட்பது? அவர் போயிருக்கும் வீட்டைக் கேட்கலாம் என்று கண்டுபிடித்தாள். டாக்டர் வந்ததும் அந்த வீட்டுக்காரர் 'வந்துட்டாரு' என்று ஓர் அழுத்து, கிளம்பியதும் 'போயிட்டாரு' என்று ஓர் அழுத்து. நடுவில் நிரல் அவரைக் கூப்பிடாது, அவர் பேரில் எதையும் எழுதாது. கேட்க மிகச் சின்ன விஷயம். நம் துறையில் ஒரு சேவையின் நிலையை அந்தச் சேவையிடம் கேட்காமல், அதைப் பயன்படுத்திக்கொண்டிருப்பவரிடம் கேட்பது என்பது அப்போது யாரும் அதிகம் போகாத வழி. முதல் கட்டுரையைவிட இது நல்ல இடத்தில் வெளிவந்தது.

வாய்மொழித் தேர்வு நம் கருத்தரங்கு அறையிலேயே நடந்தது. அவள் அத்தா கடையைப் பூட்டிவிட்டு வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கறாரானவர் என்று பெயர் வாங்கியவர். எல்லாக் கேள்விகளும் முடிந்த பிறகு ஒரு வரைபடத்தைத் திரும்பப் போடச் சொன்னார். டாக்டர்கள் ஒவ்வொரு வீட்டிலும் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று காட்டும் புள்ளிகள். எல்லாம் ஓர் இடத்தில் கூட்டமாக இருக்க, ஒரே ஒரு புள்ளி மட்டும் தூரத்தில் தனியாக நின்றது.

இது தரவுப் பிழை, இதை நீக்கிவிட்டால் உங்கள் முடிவுகள் இன்னும் அழகாக வருமே, ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"பிழை இல்லைங்க சார். அன்னைக்கு அவரு சாப்பிட்டுட்டு இருந்தாருங்க."

அவருக்குப் புரியவில்லை. சபீனா சொன்னாள். ஒரு நாள் மதியம் டாக்டர் நடராசன் சரசாள் வீட்டுக்குத் தடுப்பூசி போடப் போனார். 'வந்துட்டாரு' என்று பதிவானது. அதன் பிறகு 'போயிட்டாரு' வரவே இல்லை. ஊசிக்கு இவ்வளவு நேரம் ஆகாதே, சரசாள் அழுத்த மறந்துவிட்டாரோ என்று இவள் அவருக்குப் போன் செய்தாள். அந்த அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்ன பதிலை அவள் அப்படியே சொல்லிக் காட்டினாள்.

"மறக்கலீங்க அம்மணி. சோறு போட்டு உக்கார வெச்சிருக்கேன். நாளெல்லாம் சுத்தற மனுசன், உண்டுபோட்டுப் போகட்டும். நீங்க சித்த நேரம் கூப்புடாம இருங்க."

அறை சிரித்து ஓய்ந்தது. தேர்வாளர் சிரிக்கவில்லை. அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சாப்பாடு என்று தெரியுமா என்று கேட்டார்.

"அரிசிம்பருப்புச் சோறுங்க சார்."

அவர் பேனாவை மூடினார். புள்ளி இருக்கட்டும் என்றார்.